உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஒரு அறிவித்தல்

கதிரை பரவினது

எங்கடை வேலை ஆக்களைக் கெதியாச் சாகவிடாமல் பாக்கிறது. அண்டைக்கு நான் உடுப்பிட்டியிலை ஸ்கூட்டியாலை இறங்கேக்கை சிவபாதமண்ணை வீட்டு முற்றத்திலை செத்தவீட்டுக்குக் கதிரை பரவிக்கொண்டு நிண்டவை. எல்லாம் நான் அனுப்பின வொயிஸ் மெசேச்சாலை.

ஓட்டோவிலையிருந்து சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரையள் இறங்குது. ஒரு ஐயா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு, "பந்தலை இஞ்சாலை தள்ளிப் போடுங்கோடா, பின்னேரம் வெயில் அடிக்கும்" எண்டு கத்திறார். வேலியோடை மூண்டு பொம்பிளையள் அழுறதுக்கு ஆயத்தமா நிக்கினம், ஆனால் ஆரைக் கட்டிப்பிடிச்சு அழுறதெண்டு தெரியேல்லை. வீட்டிலை ஒருத்தரும் இல்லை, அவற்றை மனுசியும் சந்தைக்குப் போயிட்டாவாம். சிவபாதமண்ணையின்ரை தம்பி பரமண்ணை, சந்தியிலை பலசரக்குக் கடை வைச்சிருக்கிறவர், வாசல் படலையடியிலை நிலத்திலை குந்திக்கொண்டு போனிலை கனடாவுக்கு அழுறார். "ஓம் அக்கா, வொயிஸ் வந்தது. ஓம் ஓம், அறிவித்தலே வந்திட்டுது. சவம் எங்கையெண்டுதான் தெரியேல்லை."

என்ரை கையிலை ஒரு சோடி புதுச் செருப்பு. சீனி வருத்தக்காரருக்கெண்டு மெத்தை வைச்சுத் தைச்சது. சிவபாதமண்ணையின்ரை வலது கால் பெருவிரலுக்குக் கீழை ஒரு புண். ரெண்டு கிளினிக்குக்கு ஆள் வரேல்லை. முதல்நாள் எங்கடை டொக்டர் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு எனக்குச் சொன்னவ: "அந்தக் காலை நான் கெதியாப் பாக்கோணும். இல்லாட்டி விரலோடை நிக்காது." அதுக்காகத்தான் நான் செருப்போடை ஓடிவந்தனான். இஞ்சை பாத்தால் ஆளே இல்லையாம்.

அப்பதான் பின் படலை திறந்தது. மண்வெட்டியைத் தோளிலை வைச்சுக்கொண்டு, முழங்கால்மட்டும் சேறோடை, வலது காலிலை ஒரு பழைய சாரத்துண்டைச் சுத்திக் கட்டிக்கொண்டு சிவபாதமண்ணை வாறார். கதிரை தூக்கினவன் கதிரையோடையே நிண்டிட்டான். அண்ணை பந்தல் தடியைப் பாத்தார், பொம்பிளையளைப் பாத்தார், குந்திக்கொண்டிருக்கிற தம்பியைப் பாத்தார். பேந்து கோவத்தோடை கேட்டார்: "ஆர் செத்தது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை!"


மணியண்ணையின்ரை குரல்

இதை நான் ரைப் பண்ணுறது எங்கடை நிலையத்திலை, ஆக்களுக்கு நம்பர் குடுக்கிற இடைவெளியிலை. அதாலை கொஞ்சம் முன்பின்னா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட எங்கடை சீனி வருத்த நிலையம் இருக்கு. சின்ன இடம். என்ரை வேலை ஆக்களுக்குச் சொல்லுறது: என்ன சாப்பிடுறது, எப்பிடிக் காலைப் பாக்கிறது, குளிசையை எப்ப போடுறது. "நீரிழிவு நோயாளர்கள் பாதங்களைப் பேணவும்" எண்டு ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தால் அதிலை கச்சான் கடலை சுத்திச் சாப்பிடுவினம். ஏனெண்டால் நோயாளர் எண்டால் எல்லாருக்கும் பக்கத்து வீட்டுக்காரன்தான். பேர் சொல்லு, ஊர் சொல்லு, அவற்றை கால் எண்டு சொல்லு, அப்ப ஆள் திரும்பிப் பாக்கும்! கம்பசிலை படிக்கேக்கையே இது எனக்கு ஒரு விசர். டொக்டரைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி வொயிஸ் மெசேச் அனுப்பச் சம்மதம் வாங்கினன்.

முதல் என்ரை குரலிலைதான் அனுப்பினன். ஆக்கள் திருப்பி எடுத்து, "நீ எந்த ஊர்? ஆற்றை மேள்? கலியாணம் முடிஞ்சுதோ?" எண்டு கேட்டிட்டு வைச்சிட்டினம். காலைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அப்ப பாரமான ஒரு குரல் வேணும். மானிப்பாயிலை சவுண்ட் சேர்விஸ் கடை வைச்சிருக்கிற மணியண்ணையைப் பிடிச்சன். அவர் ஓட்டோவிலை ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையா மரண அறிவித்தல் சொல்லுறவர். அந்தக் குரல் வந்தால் குசினியிலை கறி தாளிக்கிற மனுசியும் அகப்பையோடை வேலிக்கு ஓடிவருவா. இதைவிட ஆருக்குக் காது குடுப்பினம் எண்டு நான் துள்ளினன். முதல் ரெண்டு பேருக்கு நான் பக்கத்திலை நிண்டு பதிஞ்சது, அருமையா வந்தது. பேந்து பஸ் வந்திட்டுது. மிச்சப் பேருக்கு பேர், ஊர், சொல்லவேண்டிய விசயம் எல்லாத்தையும் ஒரு கடுதாசித் துண்டிலை எழுதிக் குடுத்திட்டு ஓடிட்டன்.

அவர் பதிஞ்சது இது: "உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட விவசாயி திருவாளர் சிவபாதம் அவர்கள்..." அதுக்குப் பிறகு ஒரு நீட்டு மூச்சு. அந்த மூச்சுக்குள்ளை மெல்லிசாப் புல்லாங்குழல் வேறை. அதுக்குப் பிறகுதான் "தமது பாதங்களை நாள்தோறும் பார்வையிட்டு" எண்டு வருது. "அவர்கள்" எண்டதுக்குப் பிறகு எங்கடை ஊரிலை ஆர் பொறுத்திருந்து கேக்கிறது? மற்ற ஆக்களுக்குச் சொந்த போன். தங்கடை அறிவித்தலைத் தாங்களே கடைசிமட்டும் கேட்டிருக்கினம். ஒருத்தர் எனக்கு எடுத்து, கிரியை எத்தினை மணிக்கெண்டு சொல்ல மறந்திட்டியள் எண்டு நக்கலடிச்சவர். ஆனால் சிவபாதமண்ணையிட்டை பட்டன் போன். அதிலை வொயிஸ் போகாதெண்டு தம்பியின்ரை நம்பரைக் குடுத்திருந்தவர். பரமண்ணை கடையிலை சனத்துக்கு முன்னாலை அமத்திக் கேட்டு, போனை அரிசி மூட்டைக்குள்ளை போட்டிட்டு, கடையை இழுத்துப் பூட்டியிருக்கிறார்.

அண்டைக்கே மானிப்பாய்க்குப் போய்ச் சண்டை பிடிச்சன். மணியண்ணை எல்லாத்தையும் அமைதியாக் கேட்டார். மைக்கைத் துணியாலை துடைச்சு உறையுக்குள்ளை வைச்சார். பேந்து சொன்னார்: "பிள்ளை, உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு நான் கதைச்சுப் பழக்கமில்லை."


ரேடியோவுக்குப் பயந்தவன்

மன்னிப்புக் கேக்கவெண்டு திரும்பவும் உடுப்பிட்டிக்குப் போனன். என்னாலை நிலமை இன்னும் பழுதாப் போயிருந்தது. சந்தித் தேத்தண்ணிக் கடையிலை சிவபாதமண்ணை கால் வைச்சால், "செத்தவர் வாறார், எழும்பி இடம் விடுங்கோடா" எண்டு பெடியள் கத்திறாங்களாம். வொயிஸ் மெசேச் வாய் மாறி மாறி, ரேடியோவிலையே அறிவித்தல் போனதெண்டு கதையாம். கனடாவிலை அக்கா அழுது, லண்டனிலை மச்சான் வேலைக்கு லீவு போட்டு, அங்கையிருந்து எல்லாரும் எடுத்துப் பேசுகினம், என்னவோ அவர் சாகாமல் விட்டது பிழை மாதிரி.

"அண்ணை, அதை விடுங்கோ. காலை ஒருக்கா டொக்டருக்குக் காட்டுவம்" எண்டன்.

"இப்ப போனால் உவங்கள் என்ன சொல்லுவாங்கள் தெரியுமோ? ரேடியோவுக்குப் பயந்து சிவபாதம் ஆஸ்பத்திரிக்கு ஓடினான் எண்டுவாங்கள். முந்தியெண்டால் வந்திருப்பன். இப்ப வரமாட்டன்."

குசினி வாசலிலை நிண்ட அவற்றை மனுசி தவமக்கா கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டா. அவ மெல்லமாச் சொன்னது இன்னும் என்ரை காதிலை நிக்குது: "பிள்ளை, கால் கட்டுற துணியைத் தோய்க்கிறன். தோய்ச்சாலும் மணக்குது."

அண்டைக்கு நான் குடுத்திட்டு வந்த செருப்பு என்னாச்செண்டு கேட்டன். தவமக்கா காட்டினா: ஒரு கால்ச் செருப்புத்தான் கிடந்தது. மற்றது வெங்காயப் பாத்திக்குள்ளை புதைஞ்சு போட்டுதாம். எனக்கு அப்பதான் விளங்கினது, இந்த மனுசனின்ரை வேலை என்னெண்டே தெரியாமல் நான் செருப்புக் கொண்டு வந்திருக்கிறன் எண்டு. அவர் தண்ணி மாறுறவர். மோட்டர் கிணத்துத் தண்ணியை வாய்க்காலிலை விடும். இவர் ஒரு பாத்தியை வெட்டித் திறந்து, நிரம்பினவுடனை அதை மூடி, அடுத்ததைத் திறந்து, அப்பிடியே தோட்டம் முழுக்கச் சேத்துக்குள்ளை நடக்கோணும். பாத்தி நிரம்பினதைப் பாக்கத் தேவையில்லையாம், கண்ணை மூடிக்கொண்டு நிண்டாலும் கால் சொல்லுமாம். ஊரிலை அவருக்கு அந்தப் பேர். மற்றவை தங்கடை தோட்டத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவினம். செருப்பைப் பற்றி அவர் சொன்னது: "செருப்போடை தண்ணி மாறுறது, கிளவுஸ் போட்டுக்கொண்டு சோறு குழைச்சுத் தின்னுற மாதிரி, பிள்ளை."


பனங்கட்டி

இந்த இடத்திலை நான் மனமுடைஞ்சு போயிருப்பன் எண்டு நினைக்காதேங்கோ. நான் உடையிற ஆள் இல்லை! அந்தக் கிழமை மற்ற ஆக்களிட்டை ஓடித் திரிஞ்சன். மானிப்பாயிலை தையல் தைக்கிற ராணியக்கா ஒராள். அவவுக்கு நான் விடாமல் அனுப்பினது, "ராணியக்கா, சீனியைக் குறையுங்கோ." அவ விடாமல் திருப்பி அனுப்பினது, "நான் சீனி விட்டுக் கன காலம், மேளே." ஆனால் ரத்தத்திலை சீனி மட்டும் ஏறிக்கொண்டு போகுது. என்னெண்டு பாப்பமெண்டு நேரை வீட்டை போனன். தையல் மிசினுக்குப் பக்கத்திலை ஒரு தகரப் பேணி, பேணிக்குள்ளை பனங்கட்டி. வெறுந்தேத்தண்ணியிலை ஒரு மிடறு, பனங்கட்டியிலை ஒரு கடி. ஒரு சட்டைக்கு ஒரு தேத்தண்ணி. தைப்பொங்கல், வருசப்பிறப்பு எண்டால் எத்தினை சட்டை!

"அக்கா, இதுவும் சீனிதானே?"

"சும்மா இரு. சீனி கடையிலை இருந்து வாறது. இது பனையிலை இருந்து வாறது."

அப்பதான் என்ரை மண்டையிலை ஏறினது. நான் அனுப்பின செய்தியிலை அவவின்ரை பேர் இருந்தது, அவவின்ரை பேணி இருக்கேல்லை. அண்டையிலிருந்து நான் சீனி எண்ட சொல்லையே விட்டிட்டன். "ராணியக்கா, அந்தப் பேணியைக் குசினியிலை வைச்சிட்டு வந்திருந்து தையுங்கோ, வேணுமெண்டால் எழும்பிப் போய் ஒரு பாதி கடிச்சிட்டு வாங்கோ" எண்டு அனுப்பினன். இப்ப குறைஞ்சிருக்கு. ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கண்டால் ஒரு முறைப்பாடு: "பாதியைக் கடிச்சால் மற்றப் பாதி என்னைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்குது, பிள்ளை."


இரவுச் சாப்பாடு எத்தினை மணிக்கு

பருத்தித்துறைப் பக்கம் கடலுக்குப் போற யோகண்ணைக்கு நாங்கள் அனுப்பினது, "இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிசை." தங்கமான மனுசன், சொன்னதை அப்பிடியே செய்வார். அவருக்கு இரவுச் சாப்பாடே இல்லை, இரவு எண்டதை மட்டும் பிடிச்சுக்கொண்டு பொழுதுபடக் குளிசையைப் போட்டிட்டு வெறும் வயித்தோடை கடலுக்குப் போயிருக்கிறார். நடுக்கடலிலை கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, வலை இழுக்க ஏலாமல் வள்ளத்துக்குள்ளை சரிஞ்சு போனார். கூடப் போனவர் ஒரு வாழைப்பழத்தை வாயுக்குள்ளை திணிச்சதாலை தப்பினது.

ஓடிப்போய் இருத்திவைச்சுக் கேட்டன். அவர் கரைக்கு வந்து, மீன் குடுத்து, குளிச்சு, வயிறு முட்டச் சோறு தின்னுறது காலமை பத்து மணிபோலை. பேந்து படுத்திடுவார். டொக்டரிட்டைக் கேட்டு, குளிசை நேரத்தை அதுக்கேத்த மாதிரி மாத்தி, "கடலாலை வந்து, சோறு திண்டு, படுக்க முன்னம்" எண்டு அனுப்பினன். மணிக்கூடும் இல்லை, இரவும் இல்லை, பகலும் இல்லை. அவர் சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "இப்பதான் தங்கச்சி நீங்கள் எனக்கு அனுப்பினது. முந்தி வந்ததெல்லாம் ஆரோ கந்தோரிலை மேசை வேலை பாக்கிறவனுக்கு."


ரத்தினமண்ணையின்ரை மிளகாய்

அந்தக் கதையோடை திரும்ப உடுப்பிட்டி. இந்த முறை செருப்பும் இல்லை, நோட்டீஸும் இல்லை. நேரை தோட்டத்துக்குப் போய், வரம்பிலை குந்தினன். சிவபாதமண்ணை என்னைக் கண்டும் காணாத மாதிரித் தண்ணி மாறிக்கொண்டு நிக்கிறார். மோட்டர் இரையுது. நான் காலைப் பற்றி வாயே திறக்கேல்லை. வெங்காயம் எப்ப கிளப்புறது, விதை வெங்காயம் எங்கை வாங்கிறது எண்டு கேட்டுக்கொண்டிருந்தன். கேக்கக் கேக்க எனக்கே ஆசை வந்திட்டுது, நாளைக்கே காணி வாங்கித் தோட்டம் செய்வமோ எண்டு.

ஒண்டு கவனிச்சன். கண்ணை மூடிக்கொண்டு நிண்டாலும் கால் சொல்லும் எண்ட மனுசன், குனிஞ்ச தலை நிமிராமல் பாத்தியைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். நான் கேக்கிறதுக்கெல்லாம் நிலத்தைப் பாத்துத்தான் பதில். ஒருக்கா நான், "மழை கூடிப்போன வருசத்திலை வெங்காயம் எல்லாம் அழுகினதாமே அண்ணை?" எண்டு கேட்டன். அது அவரைப் பிடிச்சிட்டுது. நிமிந்து, என்ரை முகத்தைப் பாத்து, மண்வெட்டியை ஊண்டிக்கொண்டு, கையைக் காட்டிக் காட்டி அந்த மழையைச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்லத் தண்ணி ஏறுது. பாதம் தாண்டி, கணுக்கால் தாண்டி, வரம்பை உடைச்சுக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குள்ளை இறங்குது. கிணத்துத் தண்ணி, ஐஸ் மாதிரிக் குளிர். வரம்பிலை இருந்த என்ரை காலே கூசுது. அவருக்குத் தெரியேல்லை.

பக்கத்துத் தோட்டத்து ரத்தினமண்ணை கத்தினார், "டேய் சிவபாதம், என்ரை மிளகாய்க்கு ஏனடா நீ தண்ணி இறைக்கிறாய்?" அப்பதான் அவர் குனிஞ்சு பாத்தார். ஒரு கணம் அவற்றை முகம் போன போக்கு... பேந்து மண்வெட்டியோடை பாஞ்சு மண்ணை வெட்டிப் போட்டு அடைச்சார். ரத்தினமண்ணைக்குக் கேக்கிற மாதிரி என்னைப் பாத்து உறுக்கினார்: "பெட்டையளோடை வாய் குடுத்தால் உதுதான் நடக்கும்!"


பட்டன் போன்

நான் அங்கை ஒண்டும் கதைக்கேல்லை. ரத்தினமண்ணை நிக்கேக்கை அதைச் சொன்னால் ஆள் என்ரை ஆயுசுக்கும் வரமாட்டார். அவருக்கு இருக்கிற வருத்தம் புண் இல்லை எண்டு எனக்குத் தெரிஞ்சிட்டுது. கால் சொல்லுறேல்லை எண்டது வெளியிலை வந்தால் ஊரிலை அவற்றை பேர் போச்சு. அதைச் சாரத்துண்டாலை கட்டி வைச்சிருக்கிறார்.

அடுத்தநாள், மோட்டர் நிப்பாட்டுற நேரம் பாத்து அவற்றை பட்டன் போனுக்கு எடுத்தன். எங்கடை திட்டத்திலை ஒருத்தரும் அந்த நம்பரைத் தொட்டதேயில்லை, அதிலை வொயிஸ் போகாதெல்லோ! கோல் போகும் எண்டது எனக்கே அப்பதான் ஞாபகம் வந்தது. மணியண்ணை இல்லை, புல்லாங்குழல் இல்லை, என்ரை கீச்சுக் குரல்தான்.

"அண்ணை, ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். நேற்று வரம்பு உடைஞ்சதைக் கால் உங்களுக்குச் சொல்லேல்லை. எப்ப தொடக்கம் அது சொல்லுறேல்லை?"

அந்தப் பக்கம் எங்கையோ ஒரு காகம் கத்துது. கோல் கட்டாயிட்டுதோ எண்டு ஸ்கிரீனைப் பாத்தன். ஓடிக்கொண்டுதான் இருக்கு.

"உங்கை பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?" எண்டார்.

"இல்லை அண்ணை. நான் மட்டும்தான்."

"போன மாரிக் காலத்திலையிருந்து கண்ணாலைதான் பாக்கிறன், பிள்ளை. தவத்துக்கும் சொல்லேல்லை." பேந்து கேட்டார்: "திரும்ப வருமோ அது?"

வரும் எண்டு சொல்ல நாக்கு நுனியிலை நிண்டது. சொல்லேல்லை. "எனக்குத் தெரியாது அண்ணை. அதை டொக்டர்தான் சொல்லோணும். ஆனால் புண்ணை இப்ப சுகப்படுத்தி மாத்தலாம். கால் இருந்தால்தானே மற்றதைப் பற்றிக் கேக்கவும் ஏலும்."

அழப்போறாரோ, ஏசப்போறாரோ எண்டு நான் போனைக் காதோடை அமத்திக்கொண்டு நிக்கிறன். அவர் தொண்டையைச் செருமிட்டு, ஒரு சம்பந்தமும் இல்லாமல் கேட்டார்: "வெள்ளிக்கிழமையிலை திருநெல்வேலிச் சந்தையிலை வெங்காயம் என்ன விலை போகுது?"


விலை சரிவரேல்லை

வெள்ளிக்கிழமை காலமை எங்கடை நிலைய வாசலிலை ஒரு சாக்கு வெங்காயம். அதுக்குப் பின்னாலை சிவபாதமண்ணை. அவருக்குப் பின்னாலை தவமக்கா. ஊருக்கு என்ன சொல்லிப்போட்டு வந்ததெண்டு கேக்கத் தேவையில்லை. சந்தைக்கு வாற ஆள், வழியிலை ஒரு கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

டொக்டர் துணியை அவிட்டா. புண்ணைப் பாத்தா. பேந்து ஒரு மெல்லிய நைலோன் நூலை எடுத்து, "கண்ணை மூடுங்கோ ஐயா, காலிலை படேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ" எண்டா. வலது காலிலை தொட்டா. சத்தமில்லை. திரும்பத் தொட்டா. சத்தமில்லை. நூலை எடுத்து மேசையிலை வைச்சிட்டுக் கையைத் துடைக்கேக்கை, கண்ணை இறுக்கி மூடினபடி அவர் பெலத்துச் சொன்னார், "ஓம்." தவமக்கா என்னைப் பாத்தா. அவவுக்கு அந்த இடத்திலைதான் எல்லாம் விளங்கினது. அவற்றை தோளிலை கையை மட்டும் வைச்சா. இடது காலிலை சில இடங்களிலை சரியான நேரத்துக்கு ஓம் வந்தது. எனக்கு எழும்பித் துள்ளோணும் போலை இருந்தது, அடக்கிக்கொண்டு நிண்டன்.

அப்பிடியே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினது. பெருவிரல் நுனியைக் கொஞ்சம் எடுத்தவை. கால் தப்பீட்டுது! "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்" எண்டு டொக்டர் தொடங்கினா, முடிக்கேல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாட்டிலை கன நாள் நிக்கவேண்டி வந்திட்டுது. சந்தைக்குப் போன மனுசன் எங்கையெண்டு உடுப்பிட்டி கேக்கத் தொடங்கீட்டுது. கடையிலை நிண்ட பரமண்ணைக்கு இந்த முறை விசயம் தெரியும், அண்ணன் உயிரோடை இருக்கிறதும் தெரியும், வாயைத் திறக்கக்கூடாதெண்டும் தெரியும். அரிசி நிறுத்துக்கொண்டே எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாராம்: "விலை சரிவரேல்லையாம், நிண்டு பாக்கிறார்."


ஒற்றைப் பூட்ஸ்

புண் மாறி, டொக்டர் ஓம் எண்டு சொன்ன பிறகுதான் அவர் தோட்டத்துக்கு இறங்கினது. வலது காலிலை முழங்கால்மட்டும் கறுப்பு றப்பர் பூட்ஸ். இடது கால் வெறும் கால். கொக்கு மாதிரி நிக்கிறார். டொக்டர் பேசினா, ரெண்டு காலுக்கும் போடோணும் எண்டு. அவர், "இது இன்னும் கொஞ்சம் கதைக்குது டொக்டர், கதைக்கிறமட்டும் கேக்க விடுங்கோ" எண்டார். டொக்டர் விடேல்லை. அவரும் விடேல்லை. இப்போதைக்கு, ஒவ்வொரு பின்னேரமும் தவமக்கா ரெண்டு காலையும் கழுவித் துடைச்சு, விரல் இடுக்கெல்லாம் டோச் அடிச்சுப் பாக்கிறா. மற்றப் பூட்ஸ் வாசலிலை நிக்குது. அதைப் பற்றி நான் கிழமைக்குக் கிழமை பட்டன் போனுக்கு எடுத்துக் கதைக்கிறன். வெல்லுவன், பாருங்கோ.

உடுப்பிட்டியிலை இன்னும் கனபேர் வெறுங்காலோடை தண்ணி மாறுகினம். அவைக்கு என்ன சொல்லி அனுப்புறதெண்டு நான் யோசிக்க, சிவபாதமண்ணை தானே கேட்டார், "உந்த மானிப்பாய்க்காரன்ரை மைக்கை நான் ஒருக்காப் பாக்கலாமோ?" கூட்டிக்கொண்டு போனன். மணியண்ணை ஆளைக் கண்டவுடனை எழும்பி, கும்பிட்டுக்கொண்டு நிண்டிட்டார். தான் அறிவிச்ச ஆள் ஒருத்தர் திரும்பி வந்தது அவற்றை தொழிலிலை இதுதான் முதல்தரமாம். சிவபாதமண்ணை மைக்குக்கு முன்னாலை பூட்ஸோடை இருந்து, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் பதிஞ்சார். ரத்தினமண்ணைக்குப் பதிஞ்சது எனக்கு இப்பவும் பாடம்: "உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட, நீங்கள் எல்லாரும் கதிரை பரவின சிவபாதம் கதைக்கிறன். ரத்தினம், பாத்தி நிரம்பினதை உன்ரை கால் சொல்லுதோ, கண் சொல்லுதோ? ஊருக்குச் சொல்லாதை. எனக்கு மட்டும் சொல்லு."

இந்த முறை எல்லாருடைய சொந்த போனுக்கும்தான் அனுப்பினன், நேரம் பாத்து, மோட்டர் நிண்ட பிறகு. கொஞ்ச நாளைக்கு ஒரு பதிலும் இல்லை. எனக்கு நித்திரையும் இல்லை. பேந்து ஒருநாள் பின்னேரம் சிவபாதமண்ணை எனக்குக் கோல் எடுத்தார். அவர் எனக்கு எடுக்கிறது அதுதான் முதல்தரம். சிரிப்பை அடக்கிக்கொண்டு கதைக்கிறார். ரத்தினமண்ணை பின் படலையாலை வந்து, அங்கையும் இங்கையும் பாத்திட்டு, தன்ரை காலைப் பாக்காமல், அவற்றை பூட்ஸையும் பாக்காமல், வானத்தைப் பாத்துக்கொண்டு கேட்டிட்டுப் போறாராம்: "சிவபாதம், திருநெல்வேலியிலை வெள்ளிக்கிழமை மிளகாய் என்ன விலையாம்?"

ஒரு ஆளுக்கெண்டு தனியாச் செய்தி அனுப்பிறதெண்டால், பேரையும் ஊரையும் போட முன்னம் அந்த ஆள் இப்ப எங்கை நிக்கிறார் எண்டு ஒருக்காப் போய்ப் பாக்கிறது நல்லது, அனேகமாத் தோட்டத்திலைதான் நிப்பார்.